மேடை கோணலா? காலைப் பாருங்கள்!

வீட்டுப் பட்டறை



"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" என்று நம் பெரியவர்கள் கேலி பேசுவார்கள். செமினியிலிருந்து வந்திருக்கும் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பழமொழியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு நன்றாகவே ஆடத் தெரிகிறது. மேடைதான் உண்மையிலேயே கோணல்!

எழுதியிருப்பவர் ஓர் ஆலய நிர்வாகக் குழுவைச் சேர்ந்த பெரியவர். அவர் சொல்வது இதுதான்:

"தோட்டம் இருந்த காலத்தில் எல்லாரும் காசு போட்டுச் செய்த மேடை. எட்டடிக்கு நாலடி பலகைகள் பன்னிரண்டு, கழற்றி மாட்டும் குழாய்க் கால்கள். தோட்டம் போய்விட்டது, மேடை மட்டும் கோயிலுக்குப் பின்னால் கிடக்கிறது. திருவிழா, பள்ளி ஆண்டு விழா, தாமானில் தீபாவளி ஒன்றுகூடல், கல்யாணம் என்று எல்லாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போன திருவிழாவில் பிள்ளைகள் கும்மியடித்தபோது மேடை பக்கவாட்டில் ஆடியது. புதிதாக வாங்க எங்களிடம் பணமில்லை. பழுது பார்த்தால் நிற்குமா? எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது?"

ஐயா, உங்கள் கேள்வி செமினிக்கு மட்டும் உரியது அல்ல. ரிஞ்சிங், புரோகா, பெரானாங், காஜாங் என்று அந்த வட்டாரம் முழுவதும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. 2005-ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வளாகமே செமினியில் திறந்தாயிற்று. ஆனாலும் திருவிழா நாளில் தாமான்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் பழைய தோட்டத்து மக்கள் அதே கோயிலுக்குத்தான் திரும்பி வருகிறார்கள். நம் பிள்ளைகள் முதன்முதலாக ஒலிபெருக்கி முன் நின்று பேசியதும், சலங்கை கட்டி ஆடியதும் இப்படிப்பட்ட மேடைகளில்தான்.

அந்தக் காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, மேலே பலகை பரப்பி மேடை போட்டார்கள். சில இடங்களில் பள்ளிக்கூட மேசைகளை ஒன்றுசேர்த்துக் கட்டினார்கள். பிறகு கழற்றி மாட்டும் மேடை வந்தது. அதைச் சாமான் கொட்டகையிலிருந்து திடலுக்குக் கொண்டுபோனால் போதும். ஆணி பெயர்ந்தால் அடிக்கத் தோட்டத்துத் தச்சர் இருந்தார். இன்று அதே மேடை வருஷத்தில் பலமுறை லாரி ஏறி இறங்குகிறது. தச்சரும் இல்லை, கொட்டகையும் இல்லை. பத்துப் பேர் பயன்படுத்தும் பொருளை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. உங்கள் மேடையின் முதல் பழுது அதுதான். அதற்குக் கடைசியில் வருவோம். இப்போது ஸ்பேனரை எடுங்கள்!

மேடை எப்படி விழுகிறது?

மேடை என்றால் நடுப்பலகை முறிந்து கீழே போகும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அதுவும் நடக்கும். ஆனால் மேடை முழுவதும் சாய்ந்து, சீட்டுக்கட்டு மாதிரி ஒரு பக்கமாகப் படுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அதில் எல்லாரும் ஒன்றாக விழுவார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செமினிக்காரர்களுக்குக் காஜாங் சாத்தே குச்சிக்கா பஞ்சம்! நான்கு குச்சிகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, மூலைக்கு மூலை ரப்பர் வளையம் போட்டுச் சதுரமாகக் கட்டுங்கள். மேலிருந்து அழுத்தினால் நிற்கும். பக்கவாட்டில் ஒரு விரலால் தள்ளுங்கள், சாய்ந்து தட்டையாகிவிடும். இப்போது வெட்டாத முழுக் குச்சி ஒன்றைக் குறுக்காக, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வைத்துக் கட்டுங்கள். சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. இனிமேல் தள்ளிப் பாருங்கள், அசையாது.

மேடைக் கால்களுக்கு இடையே சாய்வாகப் போகும் குறுக்குக் கம்பி அந்த ஐந்தாவது குச்சிதான். மேடை போடும் அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். "கால் நிற்கிறதே, கம்பி எதற்கு?" என்று தம்பிமார்கள் லாரியிலேயே விட்டுவிடுவார்கள். உங்கள் மேடை கும்மிக்கு ஆடியது என்றால், முதலில் குறுக்குக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். நீளவாக்கில் இருந்தால் மட்டும் போதாது, அகலவாக்கிலும் வேண்டும். கம்பி தொலைந்திருந்தால் கயிறோ கட்டுக்கம்பியோ கட்டிச் சமாளிக்காதீர்கள். அளவெடுத்து இரும்புக் கடையில் வெட்டி, இரு முனையிலும் துளை போட்டு, போல்ட்டால் முடுக்குங்கள்.

காலும் மூட்டும்

எல்லாக் கால்களையும் கழற்றி வெயிலில் பரப்புங்கள். மண்ணைக் கழுவி, காயவைத்து, கம்பித் தூரிகையால் தேயுங்கள். அழுக்கோடு பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்.

காலும் சட்டமும் சேரும் வெல்டிங்கை டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு துருக்கோடு ஓடினால் அது விரிசல். அதன்மேல் சாயம் பூசிவிட்டால் விரிசல் மறையும், பழுது மறையாது. அந்தக் காலைத் தனியே வையுங்கள். தொழில் தெரிந்தவர் பழைய வெல்டிங்கைச் சீவி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழையதன் மேலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகச் சம்மதிக்காதீர்கள்.

வெல்டிங் பழகும் தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாயை அப்படியே வெல்டிங் செய்தால் வெண்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் போடும் இடத்தில் பூச்சை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான வெளியில் செய்ய வேண்டும். பக்கத்தில் பலகையோ திரைச்சீலையோ இருக்கக் கூடாது.

வளைந்த காலைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒருமுறை மடிந்த குழாய் அதே இடத்தில் மறுபடியும் மடியும். புதுக் குழாய் வெட்டிப் போடுங்கள்.

அடுத்தது போல்ட்டு. துளை நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால் அந்த மூட்டு இத்தனை நாளும் ஆடியிருக்கிறது என்று அர்த்தம். பெரிய வாஷர் போட்டு மறைப்பது வைத்தியம் ஆகாது. அந்த இடத்தில் கனமான தகட்டை வெல்டிங் செய்து, சரியான அளவில் புதுத் துளை போட வேண்டும். போல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆணியோ, வளைத்த கம்பியோ செருகியிருந்தால் உடனே பிடுங்கி எறியுங்கள். தாளக்கட்டோடு பிள்ளைகள் குதிக்கும்போது சாதாரண நட்டு மெல்ல மெல்லக் கழன்றுவிடும். ஆகவே, உள்ளே நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டு வாங்குங்கள். அந்த வளையம் தேய்ந்தால் பிடிப்பு போய்விடும். கையாலேயே சுழற்ற முடிகிற அளவுக்குத் தளர்ந்துவிட்டால் புதிதாக மாற்றுங்கள்.

காலடியில் ரப்பர்க் குல்லா இருந்தால் அதையும் பாருங்கள். பால்மரத்து மக்களுக்கு நான் ரப்பரைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெயிலில் கிடந்து வெடித்த ரப்பர் வழுக்கலைத் தடுக்காது.

பலகை

பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களைப் பசை போட்டு ஒட்டிய பலகை. அதற்குப் பகை தண்ணீர். வீட்டுக்குள் வைக்கும் அலமாரிப் பலகையை மேடைக்குப் போட்டால், இரண்டு மழையில் தாள் தாளாகப் பிரியும். வாங்கும்போதே மழைக்குத் தாங்கும் பசை போட்ட வெளிப்புறப் பலகை என்று கேட்டு வாங்குங்கள். 18 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறைய வேண்டாம்.

பழைய பலகையைச் சோதிப்பது எளிது. சுத்தியல் பிடியால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' என்று ஒரே மாதிரி கேட்டால் நல்லது. 'பொத்' என்று செத்த சத்தம் கேட்டால் அந்த இடத்தில் உள்ளே பிரிந்துவிட்டது. பிறகு ஓரங்களையும், ஸ்குரு இறங்கிய இடங்களையும் ஸ்குருடிரைவர் முனையால் குத்துங்கள். முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தப் பலகையின் காலம் முடிந்தது.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். இற்றுப்போன இடத்தின்மேல் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்துவிடுகிறார்கள். மேலே பாய் விரித்தால் ஒன்றும் தெரியாது. அடியில் மரம் தொடர்ந்து இற்றுக்கொண்டே போகும். தகரத்தின் விளிம்பு மடங்கி எழும்பும். நம் பிள்ளைகள் பரதம் ஆடுவது வெறுங்காலில் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓரத்தில் உள்ளங்கை அகலம் கெட்டிருந்தால், கெட்டதை வெட்டி எடுத்து, அடியில் சட்டம் கொடுத்து, அதே கனத்தில் துண்டு வைத்து ஒட்டலாம். நடுவில் கெட்டிருந்தால் பலகையையே மாற்றுங்கள்.

மாற்றிய பலகையின் நான்கு ஓரத்துக்கும் முதலில் சாயம் அடியுங்கள். தண்ணீர் அதிகம் நுழைவது ஓரத்தின் வழியாகத்தான். மேலே பளபளப்பு இல்லாத சாயமாக இருக்கட்டும், ஈரத்தில் வழுக்காது. துருத்தும் ஸ்குருவை உள்ளே இறக்கி, முழுப் பலகையையும் உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கைக்குக் குத்தாதது காலுக்கும் குத்தாது.

அடிச்சட்டம் மரமாக இருந்தால் என்ன மரம் என்று பாருங்கள். செங்கால் மரம் நீண்ட காலம் உழைக்கும், விலையும் அதிகம். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் வெட்டிப் போடுகிறார்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சணத்துக்கும் துளைக்கும் வண்டுக்கும் அது விருந்துச் சாப்பாடு. நாற்காலி செய்யும் ஆலைகளில் அதைப் போரான் மருந்தில் ஊறவைத்து, சூளையில் காயவைத்த பிறகுதான் பயன்படுத்துகிறார்கள். அந்த மருந்தும் மழையில் கரைந்துவிடும். ஆகவே வெளியில் நிற்கும் மேடைக்கு ரப்பர் மரம் ஆகாது.

நிற்கும் தரை

மேடை நன்றாக இருந்தும் தரை காலை வாரிவிடலாம். நம் திருவிழாக்கள் பல பங்குனி, சித்திரை மாதங்களில் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை சாதாரணம். காலையில் கல்லாக இருந்த செம்மண் மாலையில் களியாகிவிடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு அங்குலக் குழாய்க் காலின் அடிப்பரப்பு மூன்று சதுர அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதன் அடியில் ஓரடிச் சதுரத்தில் கனமான பலகைத் துண்டு வைத்தால் 144 சதுர அங்குலம். அதே பாரம் சுமார் 45 மடங்கு பரப்பில் பரவுகிறது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு துண்டு என்று வெட்டி மேடையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளமான இடத்தில் செங்கல் அடுக்காதீர்கள். செங்கல் பிளக்கும், உருளும். மண்ணை வெட்டிச் சமப்படுத்துங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்தால், நிகழ்ச்சி தொடங்கும் முன் இன்னொரு தடவை பாருங்கள்.

எத்தனை பேர் ஏறலாம்?

மேடையில் அதிகப் பாரம் ஏறுவது நடனத்தின்போது என்று நினைக்கிறீர்களா? இல்லை. மாலை, பொன்னாடை, பரிசளிப்பு, படம் எடுத்தல்... அந்த நேரத்தில்தான். பிரமுகர், அவர் கூட வந்தவர், குழுவினர், பிள்ளைகள், பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்று எல்லாரும் ஒரே மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. 2024 ஜனவரியில் டில்லி கால்காஜி கோயிலில் இரவு பஜனையின்போது, மரமும் இரும்பும் கொண்டு மேடையருகே கட்டியிருந்த தளத்தில் கூட்டம் ஏறியது. பாரம் தாங்காமல் அது சரிந்து ஒரு பெண்மணி இறந்தார், 17 பேர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு, 2025 ஜனவரி 28-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் பராவுத் என்ற ஊரில் சமணர்களின் திருவிழாவுக்காகப் போட்டிருந்த மரத்தளம் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். நம் நாட்டிலும் 1988 ஜூலை 31-ஆம் தேதியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் விழா நாள் கூட்டத்தைத் தாங்காமல் மேல்தளம் சரிந்தது. 32 பேர் மாண்டார்கள், 1,634 பேர் காயமடைந்தார்கள். கட்டடமே கூட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்றால், குழாய்க் கால் மேடைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

பொறியாளர்கள் புது மேடையைக் கணக்கிடும்போது ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவும் அதற்கு மேலும் தாங்கும்படி அமைப்பார்கள். எட்டுக்கு நாலு பலகை ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர். அப்படியானால் ஒரு பலகைக்கு ஒன்றரை டன். நாமே செய்த பழைய மேடைக்கு அந்த உறுதி கிடையாது. ஆகவே ஒரு பலகைக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஏறக்குறைய 280 கிலோ. தாளத்தோடு குதித்தால் அது இரட்டிப்பாகக் கூடும்.

பழுது பார்த்து முடித்ததும் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் மூட்டைகளை ஏற்றுங்கள். 50 கிலோ உரமூட்டையோ மணல் மூட்டையோ, ஒரு பலகைக்கு இருபது. ஒவ்வொன்றாக, பரவலாக வையுங்கள். அடியில் யாரும் போகக் கூடாது. ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். இறக்கிய பிறகு பலகை பழையபடி நிமிர வேண்டும், எந்த மூட்டும் திறந்திருக்கக் கூடாது. பிறகு இரண்டு பேர் தோள்கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மேடை ஆடினால் குறுக்குக் கம்பிக்குத் திரும்பிப் போங்கள். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பலகைக்கும் பலகைக்கும் இடையில் குழந்தையின் கால்விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. பின்பக்கமும் இரு பக்கமும் இடுப்பளவு தடுப்புக் கம்பி வையுங்கள். திரைக்குப் பின்னால் இருட்டில் பின்னோக்கி நடந்து விழுவது பிள்ளைகள்தான். விளிம்பு முழுவதும் வெள்ளைப் பட்டை அடியுங்கள்.

காற்று

மேடைக் கால்களில் பெரிய பதாகையையோ பந்தல் கயிற்றையோ கட்டாதீர்கள். காற்றடித்தால் அது பாய்மரம். 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில், புயல் காற்றில் மேடைக்கூரை சாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அது தொழில்காரர்கள் போட்ட கூரை. பந்தலுக்குத் தனி முளை, தனிக் கயிறு வேண்டும். இடி கேட்டதும் நிகழ்ச்சியை நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிடுங்கள். பாட்டைப் பிறகு பாடிக்கொள்ளலாம்.

திருவிழா முடிந்த மறுநாள்

மேடை கெடுவது பயன்படுத்துவதாலே அல்ல, பயன்படுத்திய பிறகு போட்டுவைக்கும் விதத்தாலேதான். ஈரத்தோடு அடுக்கி, தார்ப்பாயால் இறுக்கி மூடினால், உள்ளே வேர்த்து மரம் இற்றுப்போகும். நன்றாகக் காயவைத்து, தரையிலிருந்து அரையடி உயரத்தில் மூன்று கட்டைகள் போட்டு, பலகைகளைப் படுக்கை வசமாக அடுக்குங்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். கட்டைகளில் கரையான் புற்று ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நட்டு, போல்ட்டுகளை எண்ணெய் தடவி, எண்ணி, ஒரு மைலோ டப்பாவில் போடுங்கள். எண்ணிக்கையை டப்பாவின் மேலேயே எழுதுங்கள்.

ஒவ்வொரு பலகைக்கும் காலுக்கும் எண் போடுங்கள். ஒரு நோட்டுப்புத்தகம் வையுங்கள். யார் கொண்டுபோனார், எந்தத் தேதி, எத்தனை பலகை, எத்தனை குறுக்குக் கம்பி, திரும்பி வந்தபோது என்ன பழுது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கொண்டுபோகிறவர் கொடுக்கும் அன்பளிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதைத் தனி உண்டியலில் போட்டு, மேடைச் செலவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டது என்று தீர்மானித்த பலகையை அன்றே ரம்பம் போட்டு இரண்டாக்குங்கள். "இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்று சாய்த்து வைத்தால், திருவிழா இரவில் ஒரு பலகை குறையும்போது அதுவே மேடை ஏறிவிடும். அடுப்பிலும் வைக்காதீர்கள், அதிலுள்ள பசையும் சாயமும் எரிந்தால் கெட்ட புகை வரும்.

முதல் பழுதைக் கடைசியில் பேசுவோம் என்று சொன்னேன். ஐயா, உங்கள் குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இருப்பார்கள். 'மேடைப் பொறுப்பாளர்' என்று ஒருவரை அடுத்த கூட்டத்தில் நியமியுங்கள். அவரோடு இரண்டு இளைஞர்களைச் சேருங்கள். அவர் சரி என்று சொல்லாமல் யாரும் மேடை ஏறக் கூடாது, அவர் "போதும், இறங்குங்கள்" என்று சொன்னால் பிரமுகரானாலும் இறங்க வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். ஸ்பேனர் யாரிடமும் இரவல் கிடைக்கும். அந்த அதிகாரத்தைக் குழுதான் கொடுக்க வேண்டும்.

உங்கள் பன்னிரண்டு பலகையில் எட்டுதான் தேறியது என்றால், எட்டுப் பலகை மேடையே போடுங்கள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக ஆடட்டும். அடுத்த வருஷம் ஒன்று, அதற்கடுத்த வருஷம் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளலாம்.

வாசகர்களே, உங்கள் ஊர் மேடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். சந்தேகம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு முன் தகரக் கூரையின் ஓட்டையை அடைப்பது பற்றிப் பேசுவோம்.